மூன்றாவது நூலகம்: ஒரு வதிவிடப் புலமைப்பரிசிலின் பின்னணி

சில வாரங்களுக்கு முன்னர் இளம் ஓவியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கலைஞர்களுக்கும் பண்பாட்டு ஆய்வாளர்களுக்கும் வெளிநாட்டு நிறுவனமொன்று வழங்கும் வதிவிடப் புலமைப்பரிசிலுக்கு அவர் விண்ணப்பிக்கவிருந்தார். அதற்குப் பரிந்துரைக் கடிதமொன்று தேவைப்பட்டது. மூன்று மாதங்கள் தங்குவதற்கு அறை, வேலை செய்வதற்கு ஒரு கூடம், கைச்செலவுக்கு மாதந்தோறும் ஒரு தொகை. பதிலுக்கு, அந்த ஆண்டுக்கெனக் குறிக்கப்பட்ட கருப்பொருளுக்குப் பொருந்தும் வகையில் ஒரு படைப்புத் திட்டத்தை முன்வைக்கவேண்டும். இம்முறை கருப்பொருள் புலம்பெயர்வு.

கடிதத்தை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தபோது அவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "எங்கடை சனம் இருக்க இடமில்லாமல் ஓடினதைப் பற்றி, ஏதோ ஒரு நாட்டு மாளிகையிலை சொகுசா இருந்து படம் கீறுறது சரியோ ஐயா?"

அக்கேள்விக்கு உடனடியாக மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வீட்டின் கதையை அவருக்குச் சொன்னேன். கலிபோர்னியாவில் பசிபிக் சமுத்திரத்தை நோக்கியிருக்கும் குன்றொன்றின் மீது நிற்கும் அந்த வீட்டின் பெயர் வில்லா அவ்ரோரா. வதிவிடப் புலமைப்பரிசில் என்ற ஏற்பாட்டின் பெருமையையும் முரண்பாட்டையும் ஒருங்கே விளங்கிக்கொள்வதற்கு அவ்வீட்டின் வரலாற்றைப் போல உதவக்கூடியது வேறில்லை என்பது எனது எண்ணம். அன்று சொன்னதைச் சற்று விரிவாக இங்கு எழுதிவைக்கிறேன்.

கலைஞருக்கு இருப்பிடமளித்துப் பேணும் வழக்கம் புதியதல்ல. பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் ஆட்சியில், 1666ஆம் ஆண்டில், உரோமாபுரியில் பிரெஞ்சுக் கலைக்கழகமொன்று நிறுவப்பட்டது. போட்டியில் தேறிய இளம் ஓவியர்களும் சிற்பிகளும் அரச செலவில் அங்கு சென்று தங்கிப் பழம்பெரும் படைப்புகளைப் பார்த்துப் பயின்றனர். 1803இல் மெடிசி மாளிகைக்கு இடம்மாறிய அக்கழகம் இன்றும் இயங்குகிறது. அது அரசு வழங்கிய வெகுமதி. இதனின்றும் வேறுபட்ட இன்னொரு மரபு 1907இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் தோன்றியது. இசையமைப்பாளர் எட்வர்ட் மக்டவலும் அவருடைய துணைவியார் மரியனும் தமது பண்ணையில் சிறு சிறு குடில்களை அமைத்துக் கலைஞர்களை வரவேற்றனர். வேலை கெடாதிருக்கும் பொருட்டு மதிய உணவைக் கூடையில் வைத்து வாசற்படியில் விட்டுச் செல்லும் வழக்கம் அங்கு ஏற்பட்டது. அங்கு கொடையாக வழங்கப்பட்டது அமைதி.

வெகுமதியும் அமைதியும் போக மூன்றாவதான ஒன்றும் உண்டு. அதுதான் அடைக்கலம். வில்லா அவ்ரோராவின் கதை அடைக்கலத்தில் தொடங்குகிறது.

லியோன் ஃபொய்க்ட்வாங்கர் 1884இல் மியூனிக் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1925இல் வெளியான 'யூத சூஸ்' என்ற வரலாற்று நாவல் அவரை உலகறிந்த எழுத்தாளராக்கியது. 1930இல் வெளியான 'வெற்றி' என்ற நாவலில், ஹிட்லரை அடையாளங்காணக்கூடிய ஒரு பாத்திரத்தைப் படைத்து, மியூனிக்கில் நாஸி இயக்கம் வளர்ந்த விதத்தை எள்ளி நகையாடியிருந்தார். அத்தகைய ஒருவரை அவர்கள் மன்னிப்பார்களா?

1933 ஜனவரி 30ஆம் திகதி ஹிட்லர் ஜேர்மனியின் அதிபராகப் பதவியேற்றபோது ஃபொய்க்ட்வாங்கர் சொற்பொழிவுப் பயணமாக அமெரிக்காவில் இருந்தார். அன்றிரவு வாஷிங்டனில் அவருக்கு விருந்தளித்தவர் ஜேர்மன் தூதுவரே. நாடு திரும்ப வேண்டாமென அவரை எச்சரித்தவரும் அதே தூதுவர்தான். அத்தூதுவர் பின்னர் தமது பதவியையும் துறந்தார். அதற்குப் பின் ஃபொய்க்ட்வாங்கர் தமது தாய்நாட்டு மண்ணை மிதிக்கவேயில்லை. பேர்லினில் அவர் வாங்கியிருந்த வீடு சூறையாடப்பட்டது. நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் பறிபோயின. மே மாதம் 10ஆம் திகதி பகிரங்கமாக எரிக்கப்பட்ட நூல்களில் அவருடையவையும் அடங்கும். ஓகஸ்ட் மாதம் வெளியான, குடியுரிமை பறிக்கப்பட்டோரின் முதலாவது பட்டியலில் 33 பெயர்கள் இருந்தன. அவற்றுள் அவருடைய பெயரும் ஒன்று.

அது அவருடைய முதலாவது நூலகத்தின் முடிவு. 1935இல், பறிக்கப்பட்ட தமது வீட்டில் குடியேறியிருந்த முகந்தெரியாத மனிதருக்கு அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வீட்டை எப்படி வைத்திருக்கிறீர்கள், நூல்களில்லாத இறாக்கைகளை என்ன செய்கிறீர்கள் என்று நலம் விசாரிக்கும் பாவனையில் எழுதப்பட்ட அக்கடிதத்தின் ஏளனத்துக்கு அடியில் இருந்த துயரத்தை, வீட்டை விட்டு ஓடி, அதில் வேறெவரோ இருப்பதாகக் கேள்விப்பட்ட எமது வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

பிரான்சின் தென்கரையிலுள்ள சனாரி என்ற மீனவ ஊரில் அவரும் மனைவி மார்த்தாவும் ஏழாண்டுகள் வாழ்ந்தனர். இரண்டாவது நூலகம் அங்கு உருவாயிற்று. போர் மூண்டதும், நாஸிகளால் துரத்தப்பட்ட அவரையே பிரெஞ்சு அரசு 'எதிரி நாட்டவர்' என்று தடுத்துவைத்தது. லே மில் என்னுமிடத்தில் இருந்த ஓட்டுத் தொழிற்சாலை தடுப்பு முகாமாக மாற்றப்பட்டிருந்தது. செங்கற் புழுதியின் நடுவே, முட்கம்பிக்குப் பின்னால் அவர் நிற்கும் ஒளிப்படமொன்று பின்னர் வெளியுலகுக்குக் கிடைத்தது. 1940இன் கோடையில், நிம் நகருக்கு அருகேயிருந்த வேறொரு முகாமில் அவர் இருந்தபோது, மார்செய் நகரிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரக அதிகாரி மைல்ஸ் ஸ்டாண்டிஷ் அவரைக் காரில் ஏற்றி, பெண்ணுடைய மேலங்கியும் தலைத்துணியும் அணிவித்து, வழிமறித்தோரிடம் தமது மாமியார் என்று சொல்லிக் கடத்திவந்தார். ஹைரம் பிங்கம் என்ற மற்றொரு அதிகாரி தமது வீட்டில் வைத்து அவரைக் காத்தார். வேரியன் ஃப்ரை என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் வகுத்த வழியில், செப்டெம்பர் மாதத்தில் கணவனும் மனைவியும் பிரெனீஸ் மலையைக் கால்நடையாகக் கடந்தனர். அதே மாதத்தில், அதே மலையைக் கடந்து வந்த வால்டர் பென்யமின், எல்லையூரில் திருப்பி அனுப்பப்படவிருந்த நிலையில் உயிர்துறந்தார் என்பதை இங்கு நினைவுகூரவேண்டும். லிஸ்பனிலிருந்து புறப்பட்ட கப்பலில் ஃபொய்க்ட்வாங்கருக்குக் கிடைத்த இடம், மார்த்தா ஷார்ப் என்ற அமெரிக்கப் பெண்மணி தமக்கென ஒதுக்கப்பட்டிருந்ததை விட்டுக்கொடுத்ததால் கிடைத்தது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க முடியாது. அக்காலத்தில் அகதி எழுத்தாளர் அமெரிக்க விசா பெறுவதற்கு அங்கு தமக்கு வருவாய் உண்டென்று காட்டவேண்டியிருந்தது. அதற்கு உதவும்பொருட்டு ஹொலிவூட்டின் சில படநிறுவனங்கள், ஹைன்ரிக் மான், அல்பிரட் டொப்ளின் போன்றோரை வாரத்துக்கு 100 டொலர் சம்பளத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் கதாசிரியர்களாக அமர்த்தின. அவர்கள் எழுதியவை எதுவும் படமாவதென்பது அரிது. பெயரளவில் தொழில், உண்மையில் உயிர்காக்கும் உதவித்தொகை. ஆண்டு முடிந்ததும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் புதுப்பிக்கப்படவில்லை. தோமஸ் மானின் அண்ணனும் தம்மளவில் பெரும் நாவலாசிரியருமான ஹைன்ரிக் மான் 1950இல் சாந்தா மொனிக்காவில் காலமாகும்வரை வறுமையிலேயே உழன்றார். கால எல்லையுடன் வரும் உதவியின் இயல்பு அது. புலமைப்பரிசில் முடியும் நாளில் அதைப் பெற்றவர் எங்கே போவார் என்பது அன்றே எழுந்த கேள்வி.

ஃபொய்க்ட்வாங்கரின் நிலைமை அவ்வாறிருக்கவில்லை. அவருடைய நூல்கள் ஆங்கிலத்தில் நன்கு விற்பனையாகின. 1943இல் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் ஒரு வீட்டை 9,000 டொலருக்கு வாங்கினார். 1920களின் இறுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ் பத்திரிகையின் ஆதரவுடன் மாதிரி இல்லமாக ஸ்பானியப் பாணியில் கட்டப்பட்ட அந்த வீடு, அப்போது பாழடைந்து கிடந்தது. போர்க்காலப் பெற்றோல் பங்கீட்டினால் நகரிலிருந்து தொலைவான குன்றில் வீடு வாங்க எவரும் விரும்பாததால் விலை மலிவாயிருந்தது. மார்த்தா அதைத் திருத்தித் தோட்டத்தையும் உண்டாக்கினார். இறாக்கைகள் மீண்டும் நிரம்பத் தொடங்கின. மூன்றாவது நூலகம் ஏறத்தாழ 30,000 நூல்களைக் கொண்டதாக வளர்ந்தது.

அந்தக் கூடத்தில் வந்து அமர்ந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: தோமஸ் மான், ஹைன்ரிக் மான், பெர்டோல்ட் பிரெக்ட், ஆர்னோல்ட் ஷோன்பேர்க், ஹான்ஸ் ஐஸ்லர், சார்ளி சப்ளின். எழுதிக்கொண்டிருப்பதை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் செவிமடுப்பர். இவர்களுள் பிரெக்ட் எங்களுக்கு அந்நியரல்லர். அவருடைய நாடகமொன்றை 'யுகதர்மம்' என்ற பெயரில் அவைக்காற்று கலைக் கழகம் எங்கள் மேடைகளில் நிகழ்த்தியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் அடைக்கலம் தந்த நாடும் சந்தேகப்படத் தொடங்கியது. 1947 ஒக்டோபர் 30ஆம் திகதி அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு முன்பாகச் சாட்சியமளித்த பிரெக்ட், மறுநாளே நாட்டை விட்டு வெளியேறினார். ஐஸ்லர் 1948இல் வெளியேற்றப்பட்டார். அமெரிக்கப் பிரஜையாகவே ஆகிவிட்டிருந்த தோமஸ் மான் 1952இல் மனம் வெறுத்து சுவிட்சர்லாந்துக்குச் சென்றார். ஃபொய்க்ட்வாங்கரோ அசையவில்லை. அவர் மீதான சந்தேகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 1937இல் மொஸ்கோ சென்று ஸ்டாலினைச் சந்தித்துத் திரும்பியபின், அங்கு நடந்த வழக்கு விசாரணைகளை நியாயப்படுத்தி ஒரு நூல் எழுதியிருந்தார். ஹிட்லரின் கொடுமையை முன்கூட்டியே கண்ட கண் ஸ்டாலினின் கொடுமையைக் காணத் தவறியது. அவரைப் போற்றுவோர் இதை மறைக்கக்கூடாது. எனினும் நூலொன்றுக்காக ஒரு மனிதனை ஆண்டுக்கணக்கில் உளவுபார்ப்பது நீதியாகிவிடாது. குடியுரிமை கேட்ட விண்ணப்பம் இழுபட்டுக்கொண்டே போயிற்று. வெளியே போனால் திரும்ப விடமாட்டார்களோ என்ற அச்சத்தில் அவர் ஐரோப்பாவுக்குப் போகவேயில்லை. கிழக்கு ஜேர்மனி 1953இல் தேசியப் பரிசை அளித்தது; பிறந்த ஊரான மியூனிக் 1957இல் இலக்கியப் பரிசை அளித்தது. இரண்டையும் அவர் குன்றின் மேலிருந்தபடியே ஏற்றுக்கொண்டார். 1958 டிசெம்பர் 21ஆம் திகதி நாடற்றவராகவே காலமானார்.

மார்த்தா வீட்டையும் நூலகத்தையும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குக் கொடையாக அளித்து, 1987இல் தாம் மறையும்வரை அங்கேயே வாழ்ந்து நூல்களைப் பாதுகாத்தார். அதன் பின் வீட்டைப் பராமரிக்கும் சுமை பல்கலைக்கழகத்துக்குப் பெரிதாயிற்று. கடலைப் பார்த்த குன்றில் அமைந்த காணியின் பெறுமதி என்னவென்று சொல்லத் தேவையில்லை. யாரேனும் வாங்கி இடித்துவிட்டுப் புதுமாளிகை கட்டியிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். ஃபொய்க்ட்வாங்கரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜேர்மன் பத்திரிகையாளர் வோல்க்கர் ஸ்கியர்க்கா முதலியோரின் முயற்சியில், வீட்டைக் காப்பதற்கான சங்கமொன்று ஜேர்மனியில் அமைக்கப்பட்டது. ஜேர்மன் அரச நிதியும் பேர்லின் லொத்தர் நிதியும் கிடைத்தன. வீடு வாங்கப்பட்டுத் திருத்தப்பட்டது. 1995ஆம் ஆண்டிலிருந்து எழுத்தாளர்கள், ஓவியர்கள், திரைப்படக் கலைஞர்கள், இசையமைப்பாளர்கள் ஆகியோர் பொதுவாக மூன்று மாத காலத்துக்கு அங்கு தங்கிப் பணியாற்றி வருகின்றனர். நூலகத்தின் அரிய நூல்கள் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. எஞ்சிய 20,000க்கும் மேற்பட்டவை அதே இறாக்கைகளில் இருக்கின்றன.

இவற்றுடன் இன்னொரு புலமைப்பரிசிலும் உண்டு. தமது நாட்டில் எழுதுவதற்காகத் துன்புறுத்தப்படும் எழுத்தாளர் அல்லது பத்திரிகையாளர் ஒருவருக்கு, ஃபொய்க்ட்வாங்கரின் பெயரால், ஏனையோரைவிட நீண்ட காலத்துக்கு அங்கு தங்க இடமளிக்கப்படுகிறது. ஒரே கூரையின் கீழ், ஒருவருக்குப் புலம்பெயர்வு ஆய்வுப்பொருள். அடுத்த அறையில் இருப்பவருக்கு அதுவே அன்றாட வாழ்வு. காலையில் இருவரும் ஒரே அடுப்பில் கோப்பி போடுகிறார்கள். ஓவியரின் கேள்விக்கான மறுமொழியின் ஒரு பகுதி அந்தச் சமையலறையில் இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

தோமஸ் மானின் வீடும் இதே வழியிலேயே காப்பாற்றப்பட்டது. 1942 முதல் 1952 வரை அவர் வாழ்ந்து 'டொக்டர் ஃபோஸ்டஸ்' நாவலை எழுதிய அவ்வீடு 2016இல் விலைக்கு வந்தது. இடிக்கப்படக்கூடும் என்ற அச்சம் எழுந்தபோது ஜேர்மன் அரசு 13.25 மில்லியன் டொலர் கொடுத்து அதை வாங்கியது. 2018 ஜூன் மாதம் ஜேர்மன் ஜனாதிபதி ஸ்டைன்மையர் அதைத் திறந்துவைத்தார். கலைஞர்கள் மட்டுமன்றி அறிஞர்களும் பத்திரிகையாளர்களும் அங்கு தங்குகின்றனர். ஆண்டுக்கொரு கருப்பொருள் வகுக்கப்படுகிறது. ஜனநாயகத்தின் எதிர்காலம் பற்றிய கேள்விகளே அவற்றின் மையம்.

துரத்திய நாடே துரத்தப்பட்டவரின் வீட்டை விலைகொடுத்து வாங்கிப் போற்றுகிறது. இதைப் பரிகாரம் என்பதா, விளம்பரம் என்பதா? இரண்டும் கலந்ததென்றே சொல்வேன். ஆனால் இந்த நினைவு ஜேர்மனியில் வீடுகளோடு மட்டும் நின்றுவிடவில்லை. 1949இல் மேற்கு ஜேர்மனி தனக்கென அடிப்படைச் சட்டத்தை இயற்றியபோது, அரசியல் காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோருக்குத் தஞ்சம் கோரும் உரிமை உண்டென்று அதன் 16ஆம் உறுப்புரையில் எழுதிவைத்தது. நாஸிகளிடமிருந்து தப்பியோடிய மக்கள் நாடு நாடாகக் கதவைத் தட்டிய அனுபவம் அதன் பின்னால் இருந்தது. 1983 ஜூலைக்குப் பின்னர் எங்கள் இளைஞர்கள் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் நுழைந்து தஞ்சம் கேட்டார்களே, அவர்கள் தட்டியது அந்தக் கதவைத்தான். ஃபொய்க்ட்வாங்கரையும் பென்யமினையும் அவர்கள் அறிந்திருக்கவேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய துன்பத்தின் நினைவு எழுதிய சட்டமே இவர்களைக் காத்தது. அந்த நாட்டின் தஞ்ச விடுதிகளிலிருந்தும் உணவக அடுக்களைகளிலிருந்தும் 'தூண்டில்' போன்ற தமிழ்ச் சிற்றிதழ்களும் பிறந்தன. அந்த எழுத்தாளர்களுக்கு எவரும் கூடமும் மாதத்தொகையும் கொடுக்கவில்லை. கோப்பை கழுவிவிட்டு வந்து இரவில் எழுதினார்கள்.

1993இல் ஜேர்மனி அந்த உறுப்புரையைத் திருத்தித் தஞ்ச உரிமையைக் கடுமையாகச் சுருக்கியது. இரண்டாண்டுகள் கழித்து வில்லா அவ்ரோரா திறக்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டியவை அவை. ஆயிரக்கணக்கானோருக்கான வாயில் ஒடுங்கியபோது ஒருசிலருக்கான வாயில் திறந்தது. புலமைப்பரிசில் தஞ்சத்துக்கு மாற்றாகிவிடாது என்பதை இதைக்காட்டிலும் தெளிவாக உணர்த்தக்கூடியது எது?

அதே 1993இல் அல்ஜீரிய எழுத்தாளரும் பத்திரிகையாளருமான தாஹர் ஜாவுத் சுட்டுக்கொல்லப்பட்டார். அதையொட்டி உருவான சர்வதேச எழுத்தாளர் பாராளுமன்றம், அச்சுறுத்தப்படும் எழுத்தாளர்களுக்கு நகரங்கள் இடமளிக்கவேண்டுமென்ற திட்டத்தை முன்னெடுத்தது. அதன் வழிவந்த அடைக்கல நகரங்களின் வலையமைப்பு 2006இல் நோர்வேயின் ஸ்டவாங்கர் நகரில் நிறுவப்பட்டது; இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நகரங்கள் அதில் இணைந்துள்ளன. நிமலராஜன், நடேசன், சிவராம், லசந்த என்று சக பத்திரிகையாளர்களை 2000க்கும் 2009க்கும் இடையில் பறிகொடுத்த எம் போன்றோருக்கு இந்த ஏற்பாட்டின் பெறுமதி தெரியும். உரிய வேளையில் கிடைக்கும் ஒரு அறை உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட தூரமாக இருக்கக்கூடும்.

2025 ஜனவரி 7ஆம் திகதி பசிபிக் பாலிசேட்ஸில் பெருந்தீ மூண்டது. ஆயிரக்கணக்கான கட்டடங்கள் சாம்பராகின. பன்னிரண்டு பேர் உயிரிழந்தனர். வில்லா அவ்ரோராவில் இருந்தவர்கள் அவசரமாக வெளியேற்றப்பட்டனர். அயலில் வீடுகள் எரிந்தன என்ற செய்தியைப் படித்தபோது நான் நினைத்தது அந்த இறாக்கைகளைத்தான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்கள் எரிந்த இரவை அறிந்த ஒருவனுக்கு வேறெதுவும் நினைவுக்கு வராது. இரண்டு நாட்களின் பின், புகைச் சேதத்துடன் வில்லா அவ்ரோராவும், தோமஸ் மானின் வீடும் தப்பிவிட்டன என்று அறிந்தேன். முதலாவது நூலகத்தைப் பறித்தது ஓர் அரசு. இரண்டாவதைக் கைவிடச் செய்தது ஒரு போர். மூன்றாவது, காட்டுத்தீயையும் தாண்டி நிற்கிறது.

ஓவியரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு இறுதியாகக் கூறியது இதுதான்: "தம்பி, போங்கோ. அந்த அறை உங்களுக்கு முன்னம் ஆருக்குத் தேவைப்பட்டது எண்டதை மட்டும் மறவாதேங்கோ. வேலையை முடிச்சுப்போட்டு வரேக்கை, பக்கத்து அறையிலை இருந்தவர் திரும்பிப் போக இடமிருக்கோ எண்டு கேட்டுப்போட்டு வாங்கோ."

அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, விண்ணப்பத்துடன் இணைக்கவேண்டிய குறிப்பைத் திரும்ப எழுதவேண்டும் என்று சொல்லிச் சென்றார். முடிவு இன்னும் வரவில்லை.